நான் எழுதிக்கொடுத்த சுதந்திர தினப் பேச்சும், அதற்கு நான் கேட்கும் மன்னிப்பும்



கற்பிட்டி, பாலாவி, புத்தளம் பக்கத்து உறவுகளுக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்ட் போட வேண்டாம். முழுதாக வாசித்துவிட்டு ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள்.

இந்த வருடம் பெப்ரவரி 4 நிகழ்வொன்றில் பேசுவதற்கு என் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு நான்தான் பேச்சு எழுதிக்கொடுத்தேன். "இந்த மண்ணின் விடுதலைக்காக எங்கள் முன்னோரும் இரத்தம் சிந்தினார்கள்" என்று தொடங்கும் பேச்சு. பிள்ளை அழகாகப் பேசினாள், கைதட்டும் கிடைத்தது. பிறகு மைக்கைப் பிடித்த விருந்தினர் ஒருவர் மிகவும் சந்தோசமாகச் சொன்னார்: "பாருங்கள், இவர்களும் இரத்தம் சிந்தியிருக்கிறார்கள். ஆகவே இந்த நாட்டில் இவர்களுக்கும் பங்கு இருக்கிறது."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், எங்கள் ஆக்களும் கைதட்டினார்கள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. "ஆகவே" என்ற அந்த ஒரு சொல்! இரத்தம் சிந்தியிருக்காவிட்டால் பங்கு இல்லையா? பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் நான் கொடுத்தது பேச்சு அல்ல, விண்ணப்பம் என்பது அப்போதுதான் உறைத்தது. "ஐயா, எங்களுக்கும் இந்த நாட்டில் இடம் தாருங்கள், இதோ பற்றுச்சீட்டு" என்ற விண்ணப்பம்.

அதற்காக அந்தப் பிள்ளையிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அதோடு விடாமல் உங்களிடமும் ஒரு கேள்வி. இதே விண்ணப்பத்தை நாம் எல்லோரும் ஒவ்வொரு பெப்ரவரியும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போட்டுக்கொண்டு இருக்கிறோமே, ஏன்?

ஒரு படம் சுற்றுகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். சிங்கக்கொடி, பள்ளி மினாரா, நடுவில் வாளோடு ஓர் ஆள், கீழே ஒரு பெயர்ப் பட்டியல். எந்த ஆண்டு, எந்த இடம், யாரோடு சண்டை, ஒன்றும் இல்லை. அந்தப் படத்தில் இருக்கும் ஆள் யாரென்று அனுப்பியவரிடம் கேட்டேன். "தெரியாது சேர், எனக்கும் வந்தது, போட்டேன்" என்றார். கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லித் திரிவதைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்று உங்கள் ஊர்ப் பள்ளி மௌலவியிடம் கேட்டுப் பாருங்கள்.

உண்மையான வரலாறு இல்லாமலா இப்படிச் செய்கிறோம்? இருக்கிறது, அதுவும் எங்கள் கடலிலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் உள்ளதை விட அது பெரியது. ஆனால் அதைப் பற்றுச்சீட்டாக்க முடியாது. அதனால்தான் அதை நாம் சொல்வதில்லை.

1521இல் கோட்டை இராச்சியம் மூன்றாக உடைந்தது. கோட்டையில் புவனேகபாகு, சீதாவாக்கையில் அவருடைய தம்பி மாயாதுன்னை. போர்த்துக்கேயரின் நெருக்குதலால் 1526இல் கோட்டையிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அண்ணன் போர்த்துக்கேயரின் பக்கம் சாய, தம்பி மாயாதுன்னை கள்ளிக்கோட்டை சாமூதிரியிடம் உதவி கேட்டார். சாமூதிரியின் கடற்படை என்றால் அது மரைக்கார்களின் கடற்படைதான். பச்சி மரைக்கார், குஞ்ஞாலி மரைக்கார், அலி இப்ராஹிம் ஆகியோர் ஐம்பதுக்குக் கிட்டிய கலங்களோடு புறப்பட்டார்கள். 1538இன் தொடக்கத்தில் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை என்ற கரையில் அவர்கள் தங்கியிருந்தபோது, மார்ட்டிம் அபொன்சோ டி சூசாவின் படை வந்து விழுந்தது. கலங்களில் பெரும்பகுதி பறிபோனது, ஆட்கள் கரையிலேயே மடிந்தார்கள். இலங்கைக்கு வந்துசேர வேண்டிய உதவி வந்துசேரவில்லை. மாயாதுன்னையும் முற்றுகையை விட்டுவிட்டு அண்ணனோடு சமாதானத்துக்குப் போனார்.

வேதாளை எங்கே இருக்கிறது? மன்னாருக்கு அக்கரையில். எங்கள் ஆக்களுக்கு மீனும் காற்றும் தெரிந்த அதே கடல். இதைப் பத்தாம் தரத்தில் சொன்னால் பின்வாங்கில் தூங்குபவனும் எழும்பி உட்காருகிறான்.

இதுவரைக்கும் எல்லோரும் ஷெயார் பண்ணுவார்கள். இனி வருவதைப் பண்ணமாட்டார்கள்.

தப்பியவர்கள் மீண்டும் ஆயத்தமாகி, சிறிய படையோடு மாயாதுன்னைக்கு உதவ வந்தார்கள். இந்த முறையும் கலங்கள் பறிபோயின. கரையேறி மாயாதுன்னையிடம் தஞ்சம் புகுந்தார்கள். போர்த்துக்கேயத் தளபதி மிகுவேல் பெரெய்ரா, அவர்களைத் தந்தால்தான் சமாதானம் என்றார். யாருக்கு உதவ வந்தார்களோ அதே மாயாதுன்னை அவர்களைக் கொல்லுவித்துத் தலைகளைக் கொடுத்தார். போர்த்துக்கேயர் எழுதி வைத்ததும் இதுதான். மலபாரில் செய்கு ஸைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய துஹ்பத்துல் முஜாஹிதீன் நூலும் இதைத் துரோகம் என்றே பதிகிறது.

இதே மாயாதுன்னையின் சீதாவாக்கைதான் பின்னர் போர்த்துக்கேயரை எதிர்த்துப் பல்லாண்டுகள் நின்றது. பாடநூலில் அவர் வீரர், அது பிழையில்லை. அவர் வீரர், எங்களுக்காக வந்தவர்களின் தலையைக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள்.

சாமூதிரியின் கதையும் அப்படித்தான். கடலோரத்தைப் போர்த்துக்கேயருக்கு நிம்மதி இல்லாத இடமாக்கிய மரைக்கார் வம்சத்தின் கடைசி ஆள், நான்காம் குஞ்ஞாலி. சாமூதிரியே போர்த்துக்கேயரோடு சேர்ந்து அவருடைய கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உத்தரவாதம் என்ற சொல்லை நம்பி வெளியே வந்தவரைப் பிடித்துக்கொண்டு போய் 1600இல் கோவாவில் வெட்டினார்கள்.

இப்போது சொல்லுங்கள். இந்த மனிதர்கள் பற்றுச்சீட்டுக்காகப் போரிட்டிருந்தால், அந்தப் பற்றுச்சீட்டு அவர்களுக்கே உதவவில்லையே! உதவிக்கு வந்த இடத்தில் தலை போயிற்று. முக்கால் நூற்றாண்டு சேவகம் செய்த வாசலிலேயே கழுத்துப் போயிற்று. சிந்திய இரத்தத்தைக் காட்டி இடம் கேட்பவர்கள் முதலில் இந்த இரண்டு மரணங்களையும் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வேதாளைச் சண்டையை "இஸ்லாத்துக்கும் சிலுவைக்கும் நடந்த போர்" என்று போடும் தம்பிமாருக்குச் சொல்கிறேன். சாமூதிரி இந்து அரசர். மாயாதுன்னை சிங்கள பௌத்த அரசர். அந்தக் கரையில் முத்துக்குளித்த பரவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையில் 1530களில் கடும் பிணக்கு. அதில் நசுங்கிய பரவர்கள் காவல் தேடித்தான் போர்த்துக்கேயரிடம் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களை அங்கே தள்ளியதில் எங்கள் பக்கத்து மரைக்கார்களின் பணபலத்துக்கும் பங்கு உண்டு. கசப்பாக இருக்கிறதா? எனக்கும் கசப்புத்தான். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிற சனங்களுக்குக் கடை போட்டுச் சீவிப்பவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அந்த சனங்களைப் பார்த்து "பரங்கியின் பிள்ளைகள்" என்று கொமெண்ட் போடுவதற்கு வரலாறு உங்களுக்கு உரிமை தரவில்லை. அவர்களுடைய மூதாதையர் எடுத்த முடிவுக்கும் ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஊருக்கே வருவோம். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தார்கள். ஏன் அங்கே? களப்பின் வாயில் அங்கே இருக்கிறது. கண்டி இராச்சியத்துக்குப் புத்தளம்தான் மேற்குப் பக்கத்து வாசல். உப்பும் கருவாடும் புடவையும் இந்த வழியாக மேலே போயின, பாக்கு கீழே வந்தது. கோட்டை அந்த வாசலுக்குப் போட்ட பூட்டு. 1766 உடன்படிக்கையில் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் இழந்தான். புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பு எடுத்துக்கொள்ள அனுமதி மட்டும் மிஞ்சியது. ஓர் அரசனே உப்புக்கு அனுமதி வாங்கும் நிலை! ஒரு நாட்டை அடிமைப்படுத்த வாள் தேவையில்லை, உப்பு வாசலில் பூட்டுப் போட்டாலே போதும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? புத்தளத்து உப்பளத்தைக் காட்டிக்கொண்டே சொல்லலாம்.

கரைக்கும் மலைக்கும் இடையில் தவளம் எனும் பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டியவர்களில் பெரும்பங்கு முஸ்லிம்கள். கரையில் போர்த்துக்கேயர் துரத்தியபோது கண்டி இடம் கொடுத்தது. 1626இல் துரத்தப்பட்டவர்களில் நாலாயிரம் பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். அந்த நன்றியில் மாடு ஓட்டினார்களா, வயிற்றுக்காக ஓட்டினார்களா? இரண்டும்தான் இருக்கும். அவர்களில் ஒருவரின் பெயர் கூட அந்தப் படத்தில் இல்லை. வாள் பிடித்தவன்தான் வீரன் என்று யார் சொல்லித் தந்தது?

மறுபக்கத்தையும் வைக்கிறேன். 1817இல் பிரித்தானியர் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்கார் என்பவரை மடிகே முகாந்திரமாக நியமித்தார்கள். பழைய திசாவையின் அதிகாரத்தைக் குறைக்கச் செய்த வேலை அது. அங்கே தொடங்கியதுதான் ஊவா-வெல்லஸ்ஸ கிளர்ச்சி. ஹாஜி மரைக்கார் கிளர்ச்சிக்காரரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை நடத்திய கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு "முஸ்லிம்கள் காட்டிக்கொடுத்தவர்கள்" என்று சிங்களத்தில் போஸ்ட் போடுகிறார்கள். எங்கள் ஆக்கள் உடனே அந்தப் பெயரை மறைக்கப் பார்க்கிறார்கள்.

ஏன் மறைக்க வேண்டும்? பதவி கொடுத்தார்கள், ஒருவர் வாங்கினார். 1815இல் கண்டியைப் பிரித்தானியருக்கு எழுதிக்கொடுத்த உடன்படிக்கையில் கையெழுத்து வைத்த பிரதானிகள் எத்தனை பேர்? கெப்பெட்டிபொலவே முதலில் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர்தான். போன இடத்தில் மனம் மாறிக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். அதனாலேயே அவர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். ஒருவர் செய்ததற்கு அவருடைய பேரப்பிள்ளைகளையும், அவருடைய மதத்தையும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் ஹாஜி மரைக்காருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்கிற அதே வாயால், குஞ்ஞாலி மரைக்காரின் தியாகத்துக்கு நான் வாரிசு என்று சம்பளம் கேட்க முடியாது. ஒன்றில் இரண்டையும் எடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் விட வேண்டும். எங்கள் சங்கடம் இதுதான்.

"சேர், ஜாயாவையாவது விடுங்கள்" என்பீர்கள். டி.பி. ஜாயாவை நான் விடமாட்டேன். 1921 தொடக்கம் கொழும்பு ஸாஹிராவைக் கட்டியெழுப்பிய அதிபர், எங்கள் தொழில் செய்தவர். 1945இல் அரசாங்க சபையில் இலங்கைக்குச் சுதந்திரம் கேட்கும் மசோதா வந்தபோது, முஸ்லிம் உறுப்பினர்கள் நிபந்தனை எதுவும் வைக்காமல் ஆதரித்தார்கள். எங்களுக்கு இத்தனை ஆசனம், இத்தனை வீதம் என்று பேரம் பேசவில்லை. ஒவ்வொரு பெப்ரவரியும் நாம் தூக்கிக் காட்டும் பெரிய பற்றுச்சீட்டு இதுதான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் வாசியுங்கள். 1948 பெப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டு முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத்தில் பல இலட்சம் தொழிலாளர்கள் நாடற்றவர்கள். இந்த நாட்டின் தேயிலையை நட்டுப் பறித்து, குழந்தைகளை மலேரியாவுக்கும் பசிக்கும் கொடுத்த சனங்கள். அவர்களிடமும் பற்றுச்சீட்டுத்தான் கேட்டார்கள், அப்பன் பிறந்த பத்திரம், பாட்டன் பிறந்த பத்திரம் என்று. அந்த அமைச்சரவையில் ஜாயாவும் அமைச்சர். மதிப்போடுதான் சொல்கிறேன், இதுவும் எங்கள் வரலாறு. சுதந்திரத்துக்கு நிபந்தனை வைக்காதவர்கள், அடுத்தவன் நாடற்றவனாகும்போது ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம்.

பற்றுச்சீட்டு அரசியலின் முடிவு இதுதான். நம்முடையது செல்லும் என்று தெரிந்தவுடன், பக்கத்து வரிசையில் நிற்பவனின் சீட்டைக் கிழிக்கும்போது பார்த்துக்கொண்டு இருப்போம்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விசயம் மட்டும் இல்லை. 1990 ஒக்டோபரில் நான் மடிக்குழந்தை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் உம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கற்பிட்டிக் கரையில் இறங்கினார். வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைத் துரத்தியவர்கள் யார்? விடுதலைப் போராளிகள் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய மாவீரர் பட்டியல் அவர்களிடம் இருந்தது. எங்கள் பெயர் அதில் இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் போகலாம் என்பதுதான் கணக்கு. உண்மையில் அந்தப் பட்டியலில் முஸ்லிம் இளைஞர்களின் பெயர்களும் இருந்தன. அப்படியும் துரத்தினார்கள். இரத்தம் கொடுத்த பற்றுச்சீட்டு அங்கேயும் செல்லவில்லை.

ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். "அகதிப் பொடியன்" என்று என்னை அழைத்தவர்கள் சிங்களவரும் இல்லை, தமிழரும் இல்லை. இந்த ஊர் ஆக்கள்தான், எங்கள் சொந்த உம்மத். கிணற்றில் தண்ணீர் அள்ளத் தந்தவர்களும் இந்த ஊர் ஆக்கள்தான். அவர்களுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும். ஆனால் இன்றைக்கும் வேலை, காணி, வாக்கு என்று வரும்போது "நீ எங்கே பிறந்தவன்" என்று கேட்கும் வாய்கள் இருக்கின்றன. அதே வாய்கள்தான் பெப்ரவரியில் "நாங்களும் இந்த மண்ணின் மைந்தர்கள்" என்று போடுகின்றன. கொழும்பைப் பார்த்து உரிமை கேட்டுவிட்டு, திரும்பி நின்று பக்கத்து வீட்டானிடம் பத்திரம் கேட்கிறோம்.

2019 மே 13ஐ மறந்திருக்கமாட்டீர்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுகளில் அப்பாவிகள் மடிந்து மூன்று வாரம். எங்கள் மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லவில், அந்தக் குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு முஸ்லிம் கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். வாளோடு வந்தவர்கள் 1538இல் வேதாளையில் யார் செத்தார்கள் என்று விசாரித்துவிட்டு வரவில்லை. அந்த வாரம் நாம் இந்தப் படத்தை ஆயிரம் தரம் ஷெயார் பண்ணினோம். ஒரு வாளாவது கீழே இறங்கியதா? அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியது பழைய வீரர்களின் புகழ் இல்லை. பொலிசும் சட்டமும் காப்பாற்றியிருக்க வேண்டும். அதைக் கேட்பதுதான் பிரஜையின் வேலை. பற்றுச்சீட்டு நீட்டுபவன் பிரஜை இல்லை, வாடகைக்கு இருப்பவன்.

இனி வரப்போகும் கொமெண்ட்களுக்கு முன்கூட்டியே பதில்.

"நம் தியாகிகளை மறக்கச் சொல்கிறீர்களா சேர்?" இல்லை, இன்னும் நன்றாகப் படிக்கச் சொல்கிறேன். இத்தனை பேர் ஷெயார் பண்ணினோமே, குஞ்ஞாலி எப்படி இறந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவரை நினைவுகூர முடியாது, படத்தில்தான் ஒட்டலாம்.

"அவர்கள் எங்களை வந்தேறி என்கிறார்களே, பதில் சொல்லக் கூடாதா?" சொல்லுங்கள். "நான் இங்கே பிறந்தேன், சட்டம் என்னைப் பிரஜை என்கிறது" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வரலாறு கேட்டால், வரலாறாகவே சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல். கேள்வியே பிழை என்றால் அதற்கு விடை எழுதிப் புள்ளி வாங்க நினைக்காதீர்கள்.

"இந்த நேரத்தில் எங்கள் குறையை நாமே சொல்ல வேண்டுமா?" எந்த நேரம் நல்ல நேரம்? நான் வகுப்பில் சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளை நாளைக்கு ஹாஜி மரைக்காரின் பெயரை எங்களை வெறுக்கும் ஒருவனின் போஸ்டில்தான் முதல் தடவை பார்ப்பான். அப்போது அவனுக்குப் பதில் சொல்ல வாய் வராது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். 1942இல் கொக்கோஸ் தீவில் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராக இலங்கைப் பீரங்கிப் படையினர் கிளர்ந்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் அந்த ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தச் சமூகமும் அவர்களைத் தன் பற்றுச்சீட்டாகத் தூக்கவில்லை. அதனால் யாருடைய பட்டியலிலும் அவர்கள் இல்லை. சொந்தம் கொண்டாட ஆள் இருந்தால்தான் தியாகி என்றால், நாம் தியாகத்தையா மதிக்கிறோம், சாதி சனத்தையா?

கடைசியாக ஒரு தோற்றுப்போன போராளியைச் சொல்கிறேன். எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்து 1882இல் தல் அல்-கபீரில் தோற்ற அஹ்மத் உராபி பாஷா, 1883 தொடக்கம் 1901 வரை இலங்கையில் நாடு கடத்தப்பட்டு இருந்தார். படை இல்லை, பதவி இல்லை. இங்கே என்ன செய்தார்? பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று எங்கள் மூத்தவர்களை உசுப்பினார். சித்திலெப்பையின் ஓயாத உழைப்பும் வாப்பிச்சி மரைக்காரின் கொடையும் அதோடு சேர்ந்ததில் 1892இல் எழும்பியதுதான் பின்னாளில் ஸாஹிரா ஆன மதரசா. வாளைக் கீழே வைத்த பிறகும் அவருக்கு வேலை மிச்சம் இருந்தது. எங்களுக்கும் இருக்கிறது.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். விரும்பியவர்கள் கூட வாருங்கள்.

ஒன்று, அடுத்த பெப்ரவரிக்கு என் பிள்ளைகளுக்கு நான் பேச்சு எழுதிக்கொடுக்கமாட்டேன். அவர்களே எழுதட்டும். "இரத்தம்" என்ற சொல் வந்தால், யாருடையது, எந்த ஆண்டு, எந்த இடம் என்று கேட்பேன்.

இரண்டு, கற்பிட்டிக் கோட்டை கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. அனுமதி எடுத்துப் பத்தாம் தரத்தைக் கூட்டிப்போக முயற்சிக்கிறேன், இன்ஷா அல்லாஹ். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும், தலவிலப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வந்தால் இன்னும் நல்லது. களப்பின் வாயில் நின்றுகொண்டு உப்புக் கதையை மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கேட்கட்டும்.

மூன்று, உங்கள் வீடுகளில் பழைய காணி உறுதி, வள்ளப் பதிவு, உப்பு வாய்க்கால் கணக்கு, கடிதம், படம் என்று ஏதாவது கிடந்தால் கறையானுக்குக் கொடுக்காமல் என்னிடம் காட்டுங்கள். போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பித் தருவேன். பெயர் தெரியாமல் பொதி சுமந்தவர்களின் வரலாறு அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படம் திரும்ப வரும்போது என்ன செய்வது? அனுப்பியவரிடம் பணிவாகக் கேளுங்கள்: "காக்கா, இந்த ஆள் யார்?" பதில் தெரிந்தால் ஷெயார் பண்ணுங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அந்தப் பிள்ளையிடம் நான் நேரிலேயே சொல்லிவிட்டேன்: "மகள், நான் எழுதினது பிழை. யாரும் சாகாவிட்டாலும் இது உங்கட நாடுதான்."

உடன்படாதவர்கள் கொமெண்டில் வாருங்கள். பிழை இருந்தால் ஆண்டோடும் இடத்தோடும் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.